குடியேற்ற விவாதம் பற்றிய கேலிச்சித்திரத்தைப் பொருள்கொள்வது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஓர் அரசியல் கேலிச்சித்திரத்தைக் கொடுத்து "இதன் கருத்தை விளக்குக" என்று கேட்டால், எங்கள் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் மாணவர்களில் பலர் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இப்படம் மனிதநேயத்தை வலியுறுத்துகிறது" என்று முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எந்தப் படத்துக்கும் பொருந்தக்கூடிய வரி அது என்பதால், இந்தப் படத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. தீர்ப்பைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, படத்தை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதையே இங்கு விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக, ஜோசப் கெப்ளர் என்ற ஓவியர் வரைந்து, நியூயார்க்கின் 'பக்' என்ற நையாண்டி இதழில் 1893 ஜனவரி 11 அன்று வெளியான 'பின்னோக்கிப் பார்த்தல்' (Looking Backward) என்னும் வண்ணப் படத்தை எடுத்துக்கொள்வோம். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இதைத் தடையின்றிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் இந்தப் படத்தை எடுத்தால் பின்னணியில் உள்ள நிழல்கள் மைக்கறையாகக் கலங்கிவிடும். நிழல் தெரியாவிட்டால் இந்தப் படத்தில் படிப்பதற்கு எதுவும் மிஞ்சாது என்பதால், வண்ணப் பிரதி எடுங்கள் அல்லது கைப்பேசியில் பெரிதாக்கிப் பாருங்கள்.

படி 1: கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்

ஒரு தாளில், "ஏழை", "பாவம்", "திமிர்" போன்ற எந்தச் சொல்லும் கலவாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். கப்பலிலிருந்து கரைக்குப் போட்ட பலகை வழியாக மூட்டையோடு ஒருவர் இறங்கி வருகிறார். கரையில் ஐந்து பேர் அவருக்கு எதிரே நின்று, கையை உயர்த்தி அவரைத் தடுக்கிறார்கள். அவர்கள் விலையுயர்ந்த கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய நிழல்கள் எழுந்து நிற்கின்றன. அந்த நிழல்களில் உள்ள உருவங்கள் கந்தல் உடையும் மூட்டை முடிச்சுமாக இருக்கின்றன.

இவ்வளவையும் எழுதிய பிறகு, யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தனியாக ஒரு வரி சேருங்கள். தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். ஐந்து பேரும் கப்பலை நோக்கி நிற்பதால் அவர்களுடைய நிழல்கள் அவர்கள் கண்ணில் படுவதற்கு வழியில்லை. எதிரே வருபவருக்கோ அந்த ஐந்து பேரோடு சேர்ந்து நிழல்களும் நேருக்கு நேர் தெரியும். இந்த ஒரு வரி நான்காம் படியில் பெரிதும் கைகொடுக்கும்.

படி 2: நாளையும் இடத்தையும் நிறுவுங்கள்

கேலிச்சித்திரம் அன்றைய செய்தி தெரிந்த வாசகருக்காக வரையப்படுவது. நூற்றாண்டு கடந்து பார்க்கும் நாம் அந்தச் செய்தியைத் தேடிப் பிடித்துத்தான் ஆக வேண்டும். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதிக்கும் எல்லிஸ் தீவு நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஐரோப்பியத் துறைமுகங்களிலிருந்து வந்த கப்பல்களில் காலரா இருந்ததால், குடியேறிகளையே நோயின் உருவமாகக் காட்டும் பேச்சு அமெரிக்காவில் வலுத்தது. தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருபவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டிருந்த காலம் அது. வாசலை எவ்வளவு திறப்பது, யாருக்குத் திறப்பது என்ற வாதம் நாடாளுமன்றம் வரை போயிருந்தது.

இந்தச் சூழல் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையின் மண்டபம் ஊரில் இருப்பவருக்கு அந்நியமானதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர்களைக் காலராவுக்கும் பிளேக்குக்கும் அஞ்சி நிறுத்திவைத்துச் சோதித்த இடம் மண்டபம் முகாம்தான். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பின், அங்கிருந்து தனுஷ்கோடி போய், கப்பலேறித் தலைமன்னாரில் இறங்குவார்கள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமை பற்றிய 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களில் மிகப் பலர் இதே கடலைக் கடந்து ராமேசுவரத்தில் இறங்கினார்கள். 1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்தவர்களையும், 2022இல் இலங்கைப் பொருளாதாரம் குலைந்தபோது படகில் அரிச்சல்முனை வந்து இறங்கியவர்களையும் ஏற்று வைத்ததும் மண்டபம் முகாமே. ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில்கூட அந்த 'முகாம்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் நம் ஊர் அனுபவத்தைப் படத்தின் மேல் ஏற்றிவிடக் கூடாது. அது படத்தில் உள்ள மூட்டையின் கனத்தை விளங்கிக்கொள்ள உதவும். 1893இல் கெப்ளர் என்ன சொன்னார் என்பதற்குச் சான்றாகாது. எழுதும்போது இரண்டையும் வேறு வேறு பத்தியில் வையுங்கள்.

படி 3: ஆட்களையும் அடையாளங்களையும் இனங்காணுங்கள்

நட்சத்திரமும் கோடுமான உடையில் தாடிக் கிழவர் வந்தால் அவர் அங்கிள் சாம், அதாவது அமெரிக்க அரசு. தீப்பந்தம் ஏந்திய பெண் என்றால் சுதந்திர தேவி. வேலி, கதவு, ஏணி, மதில் ஆகியவை குடியேற்றக் கேலிச்சித்திரங்களில் திரும்பத் திரும்ப வரும். கெப்ளரின் படத்தில் அங்கிள் சாம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பது அரசு அல்ல, வசதி படைத்த குடிமக்கள். குற்றச்சாட்டு யார்மீது என்பது இங்கேயே பாதி தெரிந்துவிடுகிறது.

படி 4: இயற்கைக்கு மாறானது எது என்று தேடுங்கள்

இந்தச் செய்முறையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது; இதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். ஓவியர் வேண்டுமென்றே இயற்கை விதியை எங்கே மீறுகிறாரோ அங்கேதான் அவருடைய வாதம் இருக்கும். தலை பெருத்திருக்கலாம், ஆள் குறுகியிருக்கலாம், விலங்கு பேசலாம். இந்தப் படத்தில் மீறல் ஒன்றே ஒன்று: உடலுக்கும் நிழலுக்கும் பொருத்தமில்லை. கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்தவருக்கு மூட்டை சுமக்கும் நிழல் எப்படி விழும்? அது அவருடைய இன்றைய உருவத்தின் நிழல் அன்று. கரையிறங்கிய நாளில் அவரோ அவர் தந்தையோ இருந்த கோலம்.

ஓவியர் இதை வேறு வழிகளிலும் சொல்லியிருக்கலாம். ஐந்து பேரின் கழுத்திலும் "இவன் அப்பன் அகதி" என்று அட்டை தொங்கவிட்டிருக்கலாம். ஆனால் அட்டையைக் கழற்றி எறியலாம், நிழலைக் கழற்ற முடியாது. மேலும், முதற்படியில் எழுதிய அந்தப் பார்வை வரியை இப்போது எடுத்துப் பாருங்கள். தடுப்பவர்களுக்குத் தங்கள் பழங்கதை தெரியவில்லை. தடுக்கப்படுபவருக்கும் வாசகருக்கும் மட்டும் தெரிகிறது. கரையில் நிற்பவர்களைச் சிரிப்புக்கு இடமாக்குவது அவர்களுடைய கொடுமையைவிட இந்த மறதிதான் என்பது என் கருத்து. வேறு விதமாகவும் வாதிடலாம். படத்திலிருந்து சான்று காட்டினால் போதும்.

படி 5: தலைப்பையும் அடிவரியையும் கடைசியாகப் படியுங்கள்

முதலிலேயே படித்தால் கண் சோம்பலாகிவிடும். தங்களையும் தங்கள் தந்தையரையும் கரைசேர்த்த பாலத்தைப் புதிதாக வருபவருக்கு இவர்கள் அடைத்துவிடப் பார்க்கிறார்கள் என்பதே இப்படத்தின் அடிவரியின் பொருள். நிழலிலிருந்து நீங்கள் கண்டெடுத்ததோடு அது ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் படத்துக்குத் திரும்புங்கள்.

படி 6: நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"குடியேறிகளின் வழிவந்து செல்வம் சேர்த்தவர்கள் புதிய குடியேறிகளைத் தடுப்பது முரண் என்று இப்படம் வாதிடுகிறது" என்பது போல, யார், யாரை, எதற்காகக் குறை கூறுகிறார் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் அடங்க வேண்டும். படத்தின் வாதம் எதுவரை செல்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். தடுப்பவர்களின் முரண்பாட்டை இது காட்டுகிறதே தவிர, ஆண்டுக்கு எத்தனை பேரை ஏற்கலாம், வேலைக்கூலி என்னாகும் என்ற கேள்விகளைத் தொடவேயில்லை. "அன்று நிலம் இருந்தது, இன்று இல்லை" என்று அந்த ஐவரில் ஒருவர் சொன்னால் அதற்கு நிழலிடம் பதில் கிடையாது. ஒருவரின் பொய்முகத்தைக் கிழிப்பது வேறு, அவர் சொல்லும் கொள்கையை மறுப்பது வேறு.

படி 7: படத்தில் இல்லாதவர் யார்?

சீனத் தொழிலாளர் நுழைவை அமெரிக்கா 1882லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. 1892இல் அந்தத் தடையை மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. அதற்கு மறு ஆண்டே வந்த இந்தப் படத்தில், எல்லாரையும்விட இறுக்கமாகத் தடுக்கப்பட்ட சீனர் இல்லை. ஐரோப்பியர் எவரும் வருமுன்பே அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளும் இல்லை.

ஓவியரைப் பற்றியும் இந்த இடத்தில் தெரிந்துகொள்ளுங்கள். கெப்ளர் 1838இல் வியன்னாவில் பிறந்து 1867இல் அமெரிக்கா சென்றவர்; அவரும் குடியேறியே. ஆனால் அவரே 1882இல் இதே இதழில், அங்கிள் சாமின் விடுதியில் மற்றவர்கள் அமைதியாகப் படுத்திருக்க அயர்லாந்துக்காரர் மட்டும் கலகம் செய்வதாக ஒரு படம் வரைந்தார். ஆகவே "கெப்ளர் குடியேறிகளின் நண்பர்" என்று ஒரே படத்தை வைத்து எழுதிவிடாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

கீழே உள்ள படம் எந்த இதழிலும் வந்ததன்று; பயிற்சிக்காக நான் கற்பனை செய்தது. இலங்கை அகதிகள் முகாம் வீட்டின் திண்ணையில் அக்காவும் தங்கையும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். இருவருக்கும் நடுவே 1987 ஜூலை 1ஆம் தேதியைக் காட்டும் நாட்காட்டி, கூரையிலிருந்து தரைவரை சுவர்போல் தொங்குகிறது. அக்காவின் பக்கம் "1986" என்றும் தங்கையின் பக்கம் "1988" என்றும் எழுதியிருக்கிறது. தங்கையின் கை நாட்காட்டியைத் தாண்டித்தான் தட்டுக்கு வர வேண்டும்.

மீறல் எது என்று உடனே தெரிகிறது: தாள் சுவராகியிருக்கிறது. ஆனால் இரண்டாம் படியைச் செய்யாதவருக்கு இந்தப் படம் திறக்காது. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவருக்கு, பெற்றோர் எந்த நாட்டினராயினும், பிறப்பால் குடியுரிமை உண்டு. அந்த நாள்முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். எனவே இலங்கைப் பெற்றோருக்கு ஒரே முகாமில் பிறந்த இரு சகோதரிகளில் ஒருவர் சட்டப்படி இந்தியர், மற்றவர் அல்லர்.

ஏழாம் படியில் நீங்கள் தேட வேண்டியது அசாம். வெளிநாட்டவர் குடியேற்றத்துக்கு எதிராக அங்கு நடந்த போராட்டத்தையும் அதை முடித்துவைத்த 1985ஆம் ஆண்டின் உடன்படிக்கையையும் அடுத்தே, 1986இல் குடியுரிமைச் சட்டம் இவ்வாறு திருத்தப்பட்டது. திருத்தத்தை ஆதரித்தவர்களின் வாதம் படத்தில் இல்லை. அதைத் தேடிப் படித்து இரண்டு வரியாவது எழுதுங்கள். பிறகு 2019ஆம் ஆண்டின் திருத்தத்தையும் பாருங்கள். அது பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட சமயத்தவருக்கு உரியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இதை வைத்து நாட்காட்டிப் படத்தின் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்து பார்க்கலாம்.

விடையை மூன்று பத்தியாக எழுதுங்கள்: முதல் பத்தியில் கண்டதும் காலமும், இரண்டாவதில் மீறலும் அது சொல்லும் நிலைப்பாடும், மூன்றாவதில் விடுபட்டவையும் உங்கள் உடன்பாடு அல்லது மறுப்பும். தேர்வில் நேரம் குறைந்தால் முதல் பத்தியைச் சுருக்குங்கள். இரண்டாவதில் கை வைக்காதீர்கள்.