இங்கிலாந்தின் பாட்டில் ஏல்களையும் ஸ்டவுட்களையும் சுவைத்து அறிவது எப்படி?

இங்கிலாந்தின் மரபான பியர்களான ஏல் வகைகளை (ஸ்டவுட் அவற்றில் கருநிறமானது) முதன்முறையாக அருந்துபவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: போதிய குளிர்ச்சியும் இல்லை, சுறுசுறுவென்ற குமிழும் இல்லை. அவை இரண்டும் குறைவாக இருப்பதே அந்தப் பானத்தின் இயல்பு. நாம் வழக்கமாகக் குளிரக் குளிரக் குடிக்கும் லாகர் பியர் தாகத்துக்குக் கடகடவென்று குடிப்பதற்கு ஏற்றது. ஏல், நிலவறையின் மிதமான குளிர்ச்சியில், நாக்கை உறுத்தாத அளவு வாயுவோடு, நிதானமாக அருந்துவதற்காக வடிக்கப்படுவது. ஆகவே முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது நமது குளிர்சாதனப் பெட்டிப் பழக்கத்தைத்தான்.

பிட்டர், பேல் ஏல் போன்ற கருமையில்லாத ஏல்களுக்கு 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் பொருந்தும். வலுவான ஸ்டவுட்களுக்கும் பழைய பாணி ஏல்களுக்கும் 13 முதல் 15 டிகிரி வரை போகலாம். பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை அறையின் வெப்பத்தைப் பொறுத்து அரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ வெளியில் வைத்தால் போதும். கடுங்குளிரில் மணம் மேலெழும்புவதில்லை, நாக்கும் மரத்துப்போகிறது, இனிப்பு அடங்கிக் கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க விரும்பினால் டாட்காஸ்டர் நகரின் சாமுவேல் ஸ்மித் வடிசாலை வடிக்கும் ஓட்மீல் ஸ்டவுட் ஒன்றைக் குளிராகவே கோப்பையில் ஊற்றி, பத்து நிமிடத்துக்கு ஒரு மிடறு வீதம் அருந்துங்கள். முதல் மிடற்றில் கருகல் மட்டுமே தெரியும். மூன்றாவது, நான்காவது மிடறுகளில் ஓட்ஸ் தரும் வழவழப்பும் அதன் பின்னால் ஒரு சாக்லேட் சாயலும் வெளிவரும்.

அடுத்ததாக, லேபிளில் ‘பாட்டில் கண்டிஷன்ட்’ என்ற சொற்கள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால், பாட்டிலுக்குள் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது, நொதித்தல் அங்கேயும் மெல்லத் தொடர்கிறது என்று பொருள். மரபான ஏலைக் காப்பதற்காக 1971இல் தோன்றிய காம்ரா அமைப்பு, இத்தகைய பாட்டில்களையே ‘ரியல் ஏல்’ என்று ஏற்கிறது. இவற்றைப் படுக்க வைக்காமல் குறைந்தது ஒரு நாளாவது நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் படியும். ஊற்றும்போது கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, பாட்டிலை இடையில் நிமிர்த்தாமல் ஒரே வாட்டத்தில் ஊற்றி, அடியில் ஒரு விரற்கடை மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும். ஒருமுறை வாங்கிய கையோடு திறந்து, கடைசிச் சொட்டு வரை கவிழ்த்து, சேற்றுக் குட்டை போன்ற ஒன்றைக் குடித்து வைத்தேன். வண்டல் உடலுக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் ஏலின் சுவையை மூடிவிடும்.

கோப்பையில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பின் மிச்சமோ இருந்தால் நுரை நிற்காது என்பதால் அதை வெந்நீரில் நன்றாக அலசுங்கள். வெளிச்சமும் பகைதான். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களின் கசப்புப் பொருள்கள் ஒளி பட்டதும் சிதைந்து ஒருவித விலங்கு நாற்றத்தைத் தரும். பழுப்புக் கண்ணாடி இதை ஓரளவு தடுக்கும், நிறமற்ற கண்ணாடி தடுக்காது. கடையில் ஜன்னலோரம் நிற்கும் பாட்டிலை, எவ்வளவு பேர்பெற்ற பெயராக இருந்தாலும், நான் எடுப்பதில்லை.

குடிக்கும் முன் முகர்ந்து பாருங்கள். கென்ட் பகுதியின் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் மென்மையான பூமணமும் தேன் சாயலும் தரும். ஃபக்கிள் என்ற ஹாப்ஸ் வகை மண்வாசனையும் புல்வாசனையும் கொண்டது. அமெரிக்க ஹாப்ஸின் பழவாசனைக்குப் பழகிய மூக்குக்கு இவை மங்கலாகத் தோன்றலாம், அதனால் அவசரப்பட வேண்டாம். பிறகு ஒரு மிடற்றை வாய் முழுவதும் பரவவிட்டு விழுங்குங்கள். ஒயின் சுவைப்போர் துப்புவதுபோல இதைத் துப்பிவிடக்கூடாது. விழுங்கியபின் தொண்டையில் எழுந்து தங்கும் கசப்பும், மூச்சு வெளியேறும்போது மூக்கில் ஏறும் மணமும்தான் ஏலின் பாதி. பர்ட்டன்-அபான்-டிரென்ட் நகரின் நீரில் ஜிப்சம் மிகுதி என்பதால் அவ்வூர்ப் பாணி பேல் ஏல்களில் கசப்பு, இனிப்பு எஞ்சாமல் கூர்மையாக முடியும். சில சமயம் தீக்குச்சி கிழித்தாற்போன்ற கந்தக நெடியும் வரும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் மட்டும் பழசாகிவிட்டது என்று ஒதுக்கிவிடலாம்.

கருமை எல்லாம் ஒன்றல்ல. லண்டனில் பிறந்த போர்ட்டர் என்ற கருநிற ஏலின் வலுவான வடிவமே ஸ்டவுட். ஃபுல்லர்ஸ் வடிசாலையின் லண்டன் போர்ட்டர் (5.4% ஆல்கஹால்) காபியையும் சாக்லேட்டையும் நினைவூட்டும், மில்க் ஸ்டவுட்டில் ஈஸ்ட்டால் நொதிக்க வைக்க முடியாத பால் சர்க்கரையான லாக்டோஸ் சேர்வதால் இனிப்பு தங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்ட வலுவான ஸ்டவுட்டின் வழி வந்ததே இம்பீரியல் ஸ்டவுட். லூயிஸ் நகரின் ஹார்வீஸ் வடிசாலை வடிக்கும் 9% வகையில் பதனிட்ட தோலின் வாசனை, உலர்திராட்சை, மெல்லிய புளிப்பு மூன்றும் கலந்திருக்கும். அதைச் சிறு கோப்பையில், கடைசியாக அருந்துங்கள். முதலில் அருந்தினால் பின்னால் வரும் பிட்டர் வெறும் தண்ணீராகத் தெரியும். இடையிடையே நீரும் உப்பில்லா ரொட்டியும் போதும். வலுவான ஏலோடு ஸ்டில்டன் பாலாடைக்கட்டி நன்றாகச் சேரும்.

சாதாரண பிட்டரை வாங்கிய சில மாதங்களுக்குள் குடித்துவிடுவதே நல்லது. ஆனால் ஃபுல்லர்ஸ் 1997 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் 8.5% வின்டேஜ் ஏல் போன்றவை காலத்தால் கனிபவை; புதிதில் ஆரஞ்சு மர்மலேடும் கசப்புமாக இருப்பது, ஆண்டுகள் செல்லச் செல்ல ஷெரி ஒயினின் சாயலுக்கு நகரும். ஒரே ஆண்டின் இரண்டு பாட்டில்களை வாங்கி, ஒன்றை இப்போதே திறந்து குறிப்பு எழுதுங்கள். மற்றதை இருட்டான, குளிர்ந்த இடத்தில் மூன்று ஆண்டுகள் நிமிர்த்தி வையுங்கள். அதைக் குடித்து முடிக்கும் வரை பழைய குறிப்பை எடுத்துப் பார்க்காதீர்கள்.