லக்ராஸ் ஆடுற புள்ளைக்கு பப்ளிக் ஸ்கூலா, பிரைவேட்டா, கிளப்பா?

லக்ராஸ்னா வலை கட்டுன ஸ்டிக்கால பால பிடிச்சு, எறிஞ்சு கோல் போடுற ஆட்டம். கிளப்புன்னா ஸ்கூலுக்கு வெளிய காசு கட்டி சேர்ற டீம். மொதல்ல ஒரு குழப்பத்த தீத்துடலாம். நம்மாளுங்க நெறைய பேரு "ஸ்கூலா கிளப்பா"ன்னு கேக்குறாங்க, ஆனா அமெரிக்கால ரெண்டுக்கும் சீசனே வேற. ஸ்கூல் டீம் ஸ்ப்ரிங்ல, மார்ச் வாக்குல ஆரம்பிச்சு மே, ஜூன் வரைக்கும். கிளப்போட முக்கியமான டூர்னமென்ட் எல்லாம் சம்மர்லயும் ஃபால்லயும். அதனால ஹைஸ்கூல்ல சீரியஸா ஆடுற பசங்க பெரும்பாலும் ரெண்டுலயுமே இருப்பாங்க. நாம யோசிக்க வேண்டியது எந்த வயசுல எதுக்கு காச எறக்கணும்ங்கிறதுதான்.

அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் கிளப் பக்கமே போகாதீங்க, ரெக் லீக், அதாவது ஊர் பசங்க சும்மா ஜாலிக்கு ஆடுற லீக் போதும். யூஎஸ்ஏ லக்ராஸ் அமைப்பே சின்ன பசங்கள சின்ன கிரவுண்டுல கம்மியான ஆளுங்கள வச்சு ஆட விடுங்கன்னுதான் சொல்லுது, ஏன்னா ஆள் கொறஞ்சாதான் பால் அடிக்கடி கைக்கு வரும். இது எனக்கு புரிஞ்சது காசு போனப்புறம். பையனுக்கு 9 வயசுல ஒரு கிளப்புல பி டீம்ல, அதாவது ரெண்டாவது லெவல் டீம்ல சேத்துவிட்டு, ஒரு சனிக்கிழம ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு போய் 3 கேம் பாத்தேன், சும்மா ஒக்காந்திருக்கோமேன்னு பார்க்கிங் ரசீதோட பின்பக்கத்துல அவன் ஸ்டிக்குல பால் வந்தப்பல்லாம் ஒரு கோடு போட்டேன். மூணு கேமுக்கும் சேத்து 7 கோடு. அதுல ரெண்டு, கீழ கெடந்த பால எடுக்கப் போய் கோட்ட விட்டது. மறுநாள் கராஜ் செவுத்துல அடிச்சு அடிச்சு பிடிச்சான், பத்து நிமிஷத்துல நூற தாண்டிட்டான். வால் பால்னு சொல்றது இதத்தான். வலது கைல எவ்ளோ அடிக்கிறானோ அதே அளவு இடது கைலயும் அடிக்கணும், அங்கதான் பசங்க ஏமாத்துவாங்க.

இப்ப பப்ளிக் ஸ்கூல், அமெரிக்கால அப்டின்னா கவர்மென்ட் நடத்துற ஸ்கூல். பிரைவேட்ல படிச்சாதான் மேல வர முடியும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. லக்ராஸ், அமெரிக்கன் ஃபுட்பால் ரெண்டுலயும் பெரிய ஸ்டாரான ஜிம் பிரவுன், நியூயார்க் லாங் ஐலண்ட்ல மேன்ஹாசெட் ஹைஸ்கூல்ல ஆடுனவரு, அது பப்ளிக். லக்ராஸ்ல பேர் வாங்குன பவல் பிரதர்ஸ் மூணு பேரும் நியூயார்க் ஸ்டேட்ல கார்த்தேஜ்ங்கிற சின்ன ஊரு, அங்க பப்ளிக் ஸ்கூல்தான். இன்னொரு ஸ்டார் லைல் தாம்சன் ஒனோன்டாகா இனம், இந்த ஆட்டத்தையே குடுத்த ஹோடனோஷோனிங்கிற அமெரிக்க பூர்வகுடி மக்கள்ல ஒருத்தர், அவரும் லஃபாயெட் பப்ளிக் ஸ்கூல்தான். கார்டன் சிட்டி, வார்ட் மெல்வில், கனெக்டிகட்ல டேரியன்னு பேர் வாங்குன பப்ளிக் ஸ்கூல்ஸ் இருக்கு, இங்கெல்லாம் பலம் எங்கேருந்து வருதுன்னா சின்ன வயசுலேருந்து ஊர் டீம்ல ஒண்ணா ஆடுன பசங்களே அப்டியே ஹைஸ்கூல் டீமா வந்து நிக்கிறாங்க. அதனால உங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்டின்னு பாக்கணும்னா ஸ்கூலோட மெயின் டீமான வார்சிட்டி மேட்ச்சுக்கு போகாதீங்க, ஏப்ரல்ல ஒரு நாள் அதுக்கு அடுத்த டீமான ஜேவி மேட்ச்சுக்கு போங்க. பெஞ்சுல இருக்கிற பசங்கள கோச் எறக்குறாரா, தப்பு பண்ணவன வெளிய கூப்ட்டு சொல்லிக்குடுக்குறாரா இல்ல கத்துறாரா, இத பாத்தா போதும். சில டிஸ்ட்ரிக்ட்ல ஸ்போர்ட்ஸுக்கு தனி ஃபீஸ் உண்டு, அதையும் கேட்டுக்குங்க.

பிரைவேட்ல லெவல் நெஜமாவே பெருசுதான், அத மறுக்க முடியாது. பால்டிமோர் பக்கம் பிரைவேட் ஸ்கூல்ஸ் ஆடுற எம்ஐஏஏ லீக்கோட ஏ கான்ஃபரன்ஸ்ல கால்வர்ட் ஹால், பாய்ஸ் லாட்டின் மாதிரி ஸ்கூல்ஸ் மோதுறது காலேஜ் மேட்ச் மாதிரி இருக்கும். அதே பக்கம் மெக்டொனோங்கிற பிரைவேட் ஸ்கூலோட பொண்ணுங்க டீம் தொடர்ந்து 198 கேம் ஜெயிச்சு 2018லதான் தோத்துது. ஆனா பிரைவேட் ஸ்கூலுக்கு ஊர் எல்லை கெடையாது, யார வேணா எங்கேருந்து வேணா எடுத்துக்கலாம், அப்போ உங்க பையன் போட்டி போடப் போறது பக்கத்து தெரு பசங்களோட இல்ல. போதாததுக்கு ரீகிளாஸ்னு ஒண்ணு, அதே கிளாஸ இன்னொரு வருஷம் படிக்கிறது, பெரும்பாலும் ஹைஸ்கூல் ஆரம்பிக்கிறதுக்குள்ள பண்ணிடுவாங்க. உங்க பையன விட ஒரு வயசு பெரிய, மீச மொளச்ச ஆளு அதே கிளாஸ்ல நிப்பான். அட்மிஷனுக்கு முன்னாடி கோச்சுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, இவன் ஆடுற பொசிஷன்ல இதே கிளாஸ்ல இன்னும் எத்தன பேருன்னு. அப்புறம் வீட்ல நீங்களே கேட்டுக்குங்க, நாளைக்கு முட்டி போய் லக்ராஸே ஆட முடியலன்னாலும் இதே ஃபீஸ் கட்டி இதே ஸ்கூல்ல வச்சிருப்போமா? இல்லன்னா விட்ருங்க.

கிளப்புக்கு உண்மையான வேல ஒம்போதாம் பத்தாங்கிளாஸ்லதான் வருது. காலேஜ் கோச்சுங்களுக்கு ஸ்ப்ரிங்ல அவங்க சீசனே ஓடுது, ஸ்கூல் மேட்ச் பாக்க எங்க நேரம், அதான் சம்மர் டூர்னமென்ட்ல வந்து ஒரே எடத்துல நூத்துக்கணக்கான பசங்கள பாக்குறாங்க. முன்னாடி எட்டாங்கிளாஸ் பையனெல்லாம் காலேஜுக்கு வாய் வார்த்தையா கமிட் ஆன கூத்து நடந்துச்சு, 2017ல காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்துற என்சிஏஏ அமைப்பு ரூல் கொண்டாந்துச்சு, பதினோராங்கிளாஸ் செப்டம்பர் 1 வரைக்கும் டிவிஷன் 1, அதாவது மேல் மட்ட காலேஜ் டீம் கோச்சுங்க, பசங்கள டீமுக்கு எடுக்குற ரெக்ரூட்டிங் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு. அதனால "இப்பவே சேக்கலன்னா லேட்டு"ன்னு ஆறாங்கிளாஸ் பையனோட அப்பாகிட்ட சொல்ற கிளப் ஆளு உங்க பயத்த விக்கிறாரு. ஃபீஸ்ல டூர்னமென்ட், யூனிஃபார்ம் அடங்குமான்னு கேளுங்க, ஹோட்டல் எப்பவும் தனி. பசங்க ஆட்டத்துல கிரவுண்டுல நிக்கிறது 10 பேரு, லிஸ்ட்ல எத்தன பேருன்னு கேளுங்க. வெப்சைட்ல படம் இருக்கிற ஸ்டார் கோச் உங்க டீமுக்கு வருவாரான்னும் கேளுங்க, பெரும்பாலும் வரமாட்டாரு.

ஸ்காலர்ஷிப் கணக்கு போட்டு இதுல எறங்குனா கஷ்டம். ஹார்வர்ட், யேல் மாதிரி காலேஜுங்க இருக்கிற ஐவி லீக், காலேஜ் ஸ்போர்ட்ஸோட மூணாவது மட்டமான டிவிஷன் 3, ரெண்டுலயும் ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பே கெடையாது, மத்த எடத்துல குடுத்தாலும் முழுசா கெடைக்கிறது அபூர்வம், ஆளாளுக்கு பிரிச்சுதான் குடுப்பாங்க. பொண்ணுங்களுக்கும் இதே கதைதான், ஒரே நிம்மதி கியர் செலவு கம்மி, கோல் கீப்பரத் தவிர மத்தவங்களுக்கு ஸ்டிக், கண்ணு கார்டு, மவுத்கார்டு இருந்தா ஆடலாம்.

எங்க சேக்குறதா இருந்தாலும் ட்ரைஅவுட்டுக்கு, அதாவது டீமுக்கு ஆள் எடுக்குற தேர்வுக்கு, மொத நாள் ஆசையா புது ஸ்டிக் வாங்கிக் குடுத்துடாதீங்க. வலை இன்னும் பழகியிருக்காது, பாஸ் எங்க போகும்னு அவனுக்கே தெரியாது. பழசையே எடுத்துட்டு போகட்டும்.