கோழி வளர்க்க ஊர்ல விதி கொண்டு வரணுமா? பக்கத்து வீட்டு ஜன்னல்லேர்ந்து ஆரம்பிங்க

வீட்டுக்குப் பின்னாடி கிடக்கற கொஞ்ச இடத்துல நாலு கோழி வளர்க்கலாம்னு நினைச்சு நகராட்சி விதியைப் புரட்டினா, நிறைய ஊர்ல அதுல கோழின்னு ஒரு வார்த்தையே இருக்காது. கால்நடைன்னு ஒண்ணு போட்டு மாடு பன்னி கோழி எல்லாத்தையும் அதுக்குள்ள அடைச்சிட்டு, குடியிருப்புப் பகுதியில கால்நடை கூடாதுன்னு ஒரு வரி எழுதியிருப்பாங்க, அதோட கோழியும் போச்சு. அதனால முதல் வேலை என்னன்னா, தடை எங்க உக்காந்திருக்குன்னு கண்டுபிடிக்கறது. ஒரே இடத்துல இருக்காது, ஜோனிங் விதி (எந்தப் பகுதியில என்ன செய்யலாம்னு சொல்றது), சுகாதார விதி, சத்தம் பத்தின விதி, ஷெட் கட்டறதுக்கான பில்டிங் விதின்னு நாலு இடத்துல சிதறிக் கிடக்கும். நாலையும் படிச்சிட்டு அப்புறம் கவுன்சிலர்கிட்ட போங்க. ஜோனிங்க மட்டும் மாத்திட்டு சுகாதார விதியை விட்டுட்டா, ஒரு பக்கம் அனுமதி கிடைக்கும், இன்னொரு பக்கம் நோட்டீஸ் வரும்.

அடுத்து, கோழி வளர்க்க ஆசைப்படறவங்கள விட வேண்டாம்னு சொல்றவங்ககிட்ட அதிகமா பேசுங்க, இத நான் அழுத்திச் சொல்வேன். அவங்க பயம் பெரும்பாலும் நாலே விஷயம்தான்: சத்தம், நாத்தம், எலி, வேலி தாண்டி வர்ற கோழி. இந்த நாலுக்கும் பதில் இருக்கற விதிதான் நிக்கும், கோழி வளர்க்கறது எவ்ளோ நல்லதுன்னு பக்கம் பக்கமா எழுதினது முதல் புகார்லயே ஆட்டம் கண்டுடும்.

சத்தத்துக்கு வழி சுலபம், சேவல் கூடாதுன்னு எழுதிடலாம். பெட்டைக்கோழி முட்டை போட சேவல் தேவையே இல்ல, முட்டை குஞ்சு பொரிக்கணும்னாதான் சேவல் வேணும், இது கூட்டத்துல பாதி பேருக்குத் தெரியாது, கண்டிப்பா சொல்லுங்க. ஆனா சின்ன குஞ்சா வாங்கும்போது ஆணா பெண்ணான்னு தப்பாயிடும், வளர்ந்த பிறகுதான் கூவ ஆரம்பிக்கும், அதனால நாலு மாசம் வரைக்கும் உள்ள சேவல் குஞ்சுக்கு விலக்குன்னு ஒரு வரி சேத்துக்கோங்க. இல்லன்னா தெரியாம வாங்கினவங்க எல்லாம் குத்தவாளி ஆயிடுவாங்க.

இப்ப தூரம். இங்கதான் நல்ல விதியும் கெட்டுப் போகுது, கொஞ்சம் பொறுமையா பாருங்க. ஒரு பேப்பர் எடுத்து 40 அடி அகலம் 60 அடி நீளம்னு ஒரு மனை போடுங்க. வீடு போக பின்னாடி 20 அடி மிச்சம்னு வெச்சுக்குவோம், ரெண்டு பக்கத்து வீடும் அதே அளவு, வேலியிலேர்ந்து 5 அடி தள்ளி நிக்குது. பின்னாடி மனைக்காரரும் அதே மாதிரி 20 அடி விட்டுக் கட்டியிருக்கார். அந்த இடத்துல 4 அடிக்கு 6 அடி கூண்டை எங்க வெச்சுப் பாத்தாலும், அடுத்த வீட்டுச் சுவருக்கு 30 அடி கூட வராது. விதியில "50 அடி தள்ளி இருக்கணும்"னு எழுதினா, பேருக்கு அனுமதி, நிஜத்துல அந்தத் தெரு முழுக்கத் தடை. எழுதறவங்க கெட்ட எண்ணத்துல எழுதறதில்ல, 50 பாக்க நல்ல ரவுண்டான நம்பரா இருக்கு, டேப் எடுத்து யாரும் அளக்கல, அவ்ளோதான். இன்னொண்ணு, "எந்த வீட்டிலிருந்தும்"னு எழுதினா வளர்க்கறவரோட சொந்த வீடும் அதுல வந்துடும். பக்கத்து வீட்டுச் சுவர்லேர்ந்து 10 அடி, 15 அடின்னு தெளிவா எழுதுங்க, வேலியிலேர்ந்து அளக்காதீங்க. ஊர்ல இருக்கறதுலயே சின்ன மனைய எடுத்து இப்படி வரைஞ்சு கூட்டத்துல காட்டுங்க, ஒரு மணி நேரம் பேசறத விட இது வேலை செய்யும்.

எண்ணிக்கை விஷயத்துல ஒண்ணு ரெண்டுன்னு இறங்கி வராதீங்க, கோழி கூட்டமா வாழற பறவை, தனியா விட்டா ஒடுங்கிப் போயிடும், குறைஞ்சது மூணாவது வேணும். மனை அளவை வெச்சு எண்ணிக்கைய ஏத்தறதும் பரவால்ல, ஆனா ஒரு கோழிக்கு கூண்டுக்குள்ள 4 சதுர அடி, வெளிய நடமாட 10 சதுர அடின்னு இடத்த கணக்கு வெச்சா கோழிக்கும் நல்லது.

எலி கோழியால வர்றதில்ல, தீவனத்தால வருது. ஒரு கோழி நாளைக்கு சுமாரா 100லேர்ந்து 120 கிராம் தின்னும், ராத்திரி கிண்ணத்துல மிச்சம் கிடந்தா எலிக்கு விருந்து. தீவனம் மூடி போட்ட தகர டப்பாவுல இருக்கணும், பொழுது சாஞ்சா மிச்சத்த எடுத்துடணும், கூண்டுக்கு அரை இஞ்ச் கண்ணு உள்ள கம்பி வலை அடிக்கணும்னு விதியிலயே போடுங்க. கோழி வலைன்னு விக்கறது கோழிய உள்ள வெச்சிருக்கும், எலிய வெளிய வெச்சிருக்காது, அந்த ஓட்டைக்குள்ள எலிக்குட்டி சாவகாசமா நுழையும். நாத்தமும் இதே மாதிரிதான், எச்சம் ஈரமா இருந்தாதான் வீசும், காஞ்ச இலையோ மரத்தூளோ மேல போட்டுக்கிட்டே வந்தா அடங்கிடும். அதனால "வாரம் ஒரு தடவை சுத்தம் பண்ணணும்"ங்கறத விட "மனை எல்லைய தாண்டி நாத்தம் வரக்கூடாது"ன்னு விளைவ எழுதறது நல்லது.

சுகாதாரத்துக்கு ஊர் கால்நடை டாக்டர ஆரம்பத்துலயே கூப்பிடுங்க. சால்மோனெல்லாங்கற வயித்துப்போக்கு கிருமி பாக்க நல்லா இருக்கற கோழிகிட்டேர்ந்தும் வரும், கை கழுவறத பத்தி, அஞ்சு வயசுக்குள்ள உள்ள குழந்தைங்கள பத்தி ஒரு பக்கம் லைசென்ஸோடயே கொடுக்கலாம். பறவைக் காய்ச்சல் நேரத்துல யார் வீட்ல கோழி இருக்குன்னு தெரியணும், அதுக்குத்தான் பதிவு. இங்கிலாந்துல 2024 அக்டோபர் 1லேர்ந்து ஒரே ஒரு கோழி வெச்சிருந்தாலும் பதிவு பண்ணியாகணும். அதே நாட்டுல 1950ல போட்ட தோட்ட நிலச் சட்டம், வியாபாரத்துக்கு இல்லாம கோழியும் முயலும் வளர்க்கற உரிமைய வீட்டு ஒப்பந்தம் பறிக்க முடியாதுன்னு சொல்லுது. உரிமையும் பதிவும் ஒண்ணா நிக்க முடியும்ங்கறதுக்கு இத காட்டலாம். பதிவு மட்டும் சுலபமா, இலவசமா இருக்கட்டும், கஷ்டப்படுத்தினா எல்லாரும் ஒளிச்சு வளர்ப்பாங்க.

கோழியோட சேத்து காய்கறித் தோட்டமும் போடறதா இருந்தா, அதுக்கு விதி அவ்ளோ வேண்டாம். ஆனா மண்ண சோதிக்கச் சொல்லுங்க. பழைய பெயின்ட் உதிர்ந்த இடத்துல ஈயம் தங்கியிருக்கும், கோழி அந்த மண்ணக் கிளறித் தின்னா முட்டையிலயும் ஏறும். சந்தேகம்னா வெளி மண்ணு கொட்டி உயரமான பாத்தி கட்டிக்கலாம்.

விதி எழுதும்போது வயசான கோழிய மறந்துடாதீங்க. முட்டை முதல் ரெண்டு மூணு வருஷம்தான் நல்லா வரும், கோழி அதுக்கப்புறமும் பல வருஷம் உயிரோட இருக்கும். தெருவுல விடக்கூடாது, வீட்ல அறுக்கலாமா கூடாதா, யார்கிட்ட கொடுக்கலாம்னு முன்னாடியே தீர்மானிச்சு எழுதிடுங்க.

கடைசியா, எல்லாத்தையும் முதல் தடவையே கேக்காதீங்க. ஒரு வருஷம் சோதனையா, மூணு நாலு கோழிக்கு மட்டும்னு கேளுங்க, புகார் வந்தா முதல்ல சரிபண்ண 15 நாள் டைம், அப்புறம்தான் அபராதம்னு போடச் சொல்லுங்க. வருஷ முடிவுல புகார் ரிஜிஸ்டர எடுத்து கவுன்சில் முன்னாடி வெச்சு அடுத்த படிய கேளுங்க. அமெரிக்காவுல சியாட்டில் நகரம் முதல்ல மூணு கோழிக்குதான் விட்டுது, 2010ல அத எட்டா ஏத்துச்சு, அப்பவே புதுசா சேவல் வளர்க்கறதையும் நிறுத்திடுச்சு.