வன்னிக் காட்டில் பன்றிக்குப் போகிறவர்கள் விடும் பிழைகள்

ஓகஸ்ட் விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்கினால், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கத்து வீடுகளில் சீக்கிரமே ஒரு கேள்வி எழும்: "ஒருநாள் இரவு வேட்டைக்குப் போவமே?" கேட்பவரின் மனதில் யானையும் கரடியும்தான் பயமாக நிற்கும். காட்டுக்குள் மற்ற மனிதர் கட்டிவைத்ததையும் புதைத்துவிட்டுப் போனதையும் அவர் யோசிப்பதில்லை.

முதலில், மானை விட்டுவிடுங்கள். புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. சுடுவது மட்டுமல்ல, இறைச்சியை வைத்திருப்பதும் வில்லங்கம்தான். "ஊரில எல்லாரும் சாப்பிடுகினம்தானே" என்ற நியாயம் நீதவானிடம் எடுபடாது. பன்றியின் கதை வேறு. வயலை உழுது போடும் பன்றியைத் தன் காணிக்குள் வைத்துக் கொல்ல விவசாயிக்கு இடமுண்டு. ஆனால் சரணாலயத்துக்குள்ளோ ஒதுக்கக் காட்டுக்குள்ளோ துவக்கோடு நுழைந்தால் அந்த நியாயமும் போய்விடும். துவக்கு அனுமதிப்பத்திரம் உள்ளவரின் கையில்தான் இருக்க வேண்டும். "ஒரு வெடி வைச்சுப் பார்" என்று விருந்தாளியிடம் நீட்டுவதை நான் அன்பு என்று சொல்லமாட்டேன். வாய்வழியே மருந்து இடித்து நிரப்பும், கள்ளமாகச் செய்த இடியன் துவக்கைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அடுத்த பிழை, மிருகத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பது. புதியவருக்கு அது கெட்டித்தனமாகத் தெரியும். ஆனால் கட்டுத்துவக்கு வைப்பவனும் அதே தடத்தைத்தான் தேடுகிறான். தடத்துக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ நைலோன் நூலோ போகும், பக்கத்து மரத்தில் அல்லது கட்டையில் துவக்கு கட்டியிருக்கும். பன்றியின் உயரத்துக்குக் குறிவைப்பதால் மனிதனுக்கு முழங்காலிலோ தொடையிலோ படும். இருட்டில் ரோச் வெளிச்சத்துக்கு அந்த நூல் தெரியாது. சுருக்குக் கம்பியும் அப்படித்தான். பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தையும் அகப்படுகிறது, நாயும் அகப்படுகிறது. வயல் ஓரமென்றால் வீட்டு மின்சாரத்தை நேரே இழுத்த கம்பி இருக்கலாம். மழை பெய்த இரவில் அதைத் தொடவே தேவையில்லை, பக்கத்து ஈர நிலமும் ஆபத்து. ஏதோ சாப்பாட்டுப் பொட்டலம்போல் கிடந்தாலும் காலால் தட்டிப் பார்க்காதீர்கள், கடித்தால் வெடிக்கும்படி இரைக்குள் மறைத்து வைத்த பன்றி வெடியாக இருக்கலாம். ஆகவே யாருடைய காணிக்குப் போகிறீர்களோ அவரையும் பக்கத்துக் காணிக்காரரையும் பகலிலேயே கேளுங்கள்: என்ன வைத்திருக்கிறீர்கள், எங்கே? சரியாகப் பதில் வராவிட்டால் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

மிதிவெடி விஷயத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையை மட்டும் நம்புவது பிழை. 2009இல் போர் முடிந்தது, 2017இல் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்தது, அதற்குப் பிறகும் அகற்றும் வேலை தொடர்ந்தது. பலகை உக்கி விழும், வெள்ளம் மண்ணை அரித்துப் பொருளை இடம் மாற்றும். விறகுக்கும் தேனுக்கும் மாடு சாய்க்கவும் ஊர்ச்சனம் இன்றைக்கும் நடக்கிற பாதையே பாதை. பழைய பங்கர், மண் அணை, துருப்பிடித்த முட்கம்பி கண்ணில் பட்டால் கிட்டப் போகாதீர்கள். தெரியாமல் உள்ளே போய்விட்டால், நின்ற இடத்திலேயே நின்று சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வேட்டைக்குப் போகிறவன் சத்தமில்லாமல் நடப்பான், காற்றுக்கு எதிராகப் போவான். பன்றியை நெருங்க அது சரி. ஆனால் கரடியும் யானையும் உங்களை அறியாமலே கிட்ட வந்து திடுக்கிடுவதும் அதனால்தான். பாலை பழுக்கும் காலத்தில் கரடி மரத்தடியிலேயே கிடக்கும். திடுக்கிட்ட கரடி முகத்தைத்தான் பிறாண்டும். பாலைப்பழம் கொட்டியிருக்கிற இடத்தில் பேசிக்கொண்டே போங்கள், பன்றி ஓடினால் ஓடட்டும்.

குளத்துப் பக்கம் போனால் குளக்கட்டில் நில்லுங்கள், தண்ணீர் ஏறி வற்றும் அலைகரைக்குள் இறங்காதீர்கள். கோடையில் நீர் வற்றியதும் மேலே காய்ந்த ஓடுபோல் தெரியும் சேறு இடுப்புவரை இழுக்கும். அதே சேற்றுக்குள் முதலையும் ஒதுங்கிக் கிடக்கும். மாரியில் வேறு கரைச்சல்: நீரில் கால் ஊற நடந்து சில நாளில் காய்ச்சல் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள்.

வன்னிக் காட்டில் திசை பார்க்க மலை கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே பாலையும் வீரையும்தான். வழி தவறியவர் அகலமான, மிதிபட்ட பாதை ஒன்றைக் கண்டதும் ஊருக்குப் போகுது என்று சந்தோஷப்படுவார். யானை லத்தி கிடக்கிறதா என்று பாருங்கள். யானைப்பாதை உங்களைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும், அங்கே யானையும் நிற்கும். புறப்படும்போதே ஏ9 வீதிக்குக் கிழக்கிலா மேற்கிலா நிற்கிறோம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், உள்ளே சிக்னல் கிடைக்காத இடம் நிறைய. இருட்டிவிட்டால் நடப்பதைவிட நெருப்பு மூட்டி விடியும்வரை இருப்பது நல்லது.

கண் மினுங்குகிறது என்று வெடி வைப்பது கொலையில் முடியக்கூடிய பிழை. பட்டி மாட்டுக்கும் கண் மினுங்கும், நாய்க்கும் மினுங்கும். மாடு தேடி வந்தவரின் தலை ரோச் தூரத்தில் அசைந்தால் அதுவும் ஒரு மினுக்கம்தான். நிலம் மட்டமாக இருப்பதால் தவறிய தோட்டாவைத் தடுக்க மேடும் இல்லை. உடம்பு முழுதாகத் தெரியாமல் விசையில் விரல் போகக்கூடாது. காயப்பட்ட பன்றி பற்றைக்குள் போய்விட்டால் இரவில் பின்னால் போகாதீர்கள், அது திரும்பிப் பாயும்.

இத்தனைக்கும் மேல் ஒன்று. கள்ள வேட்டை என்பதால் வீட்டில் சொல்லாமல் போகிறார்கள். ஆள் வராவிட்டால் எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியாது. வெடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், பொலிஸுக்குப் பயந்து "தடி குத்திப்போட்டுது" என்று ஆஸ்பத்திரியில் கதை சொல்வார்கள். அந்தக் கதையால் வைத்தியர் உள்ளே இருக்கும் ஈயத்தைத் தேடத் தாமதமாகும். காயத்துக்குக் கோப்பித்தூளோ புகையிலையோ அப்பாமல் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்திப் பிடியுங்கள். சிக்னல் வந்ததும் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து, பக்கத்துக் குளத்தின் பெயரையும் வீதிக்கு வரும் வழியையும் சொல்லுங்கள், கட்டுத்துவக்கு வெடித்தது என்பதையும் ஒளிக்காதீர்கள்.