என்ன பிரச்சினை என்று சொல்லத் தெரியாமலேயே மனநலக் கவுன்சிலரிடம் போகலாம்

மதுரையில் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். வகுப்பு டியூட்டர் என்பதால் அட்டெண்டன்ஸ் குறைகிற பிள்ளைகள் முதலில் என் கண்ணில்தான் படுவார்கள். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கத்திலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வருகிறவர்கள், விடுதிப் பிள்ளைகள், காலை ஷிப்டு முடிந்ததும் ஜவுளிக்கடை வேலைக்கு ஓடுகிறவர்கள். "கவுன்சிலரை ஒரு தடவை பாக்குறியாப்பா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "என்னன்னு போய்ச் சொல்றது மேம்?"

சொல்லத் தெரிந்த பிறகு போகலாம் என்று காத்திருந்தால் செமஸ்டரே முடிந்துவிடும். தெரியாமலேயே போங்கள். மனதில் கிடப்பதை வார்த்தையாக்க உதவுவது அவர்களுடைய வேலை, அதற்குத்தான் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

முந்தின நாள் ராத்திரி ஒரு அரைத்தாள் எடுங்கள். காரணம் எதுவும் எழுத வேண்டாம், நடப்பதை மட்டும் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது, எந்த வேளை சாப்பிடுவதில்லை, எந்த வகுப்புக்குப் போவது நின்றுபோனது, யாருடைய போனை எடுக்கப் பிடிக்கவில்லை, முன்பு ஆசையாகச் செய்த எதை இப்போது செய்வதில்லை. ஒரு மாணவி எழுதிக் கொண்டுபோனது கிட்டத்தட்ட இப்படி இருந்தது: "ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் தூக்கம். காலையில மெஸ்ஸுக்குப் போறதில்ல. காஸ்ட் அக்கவுண்டிங் கிளாஸ் போயி ரொம்ப நாளாச்சு. அம்மா போன் பண்ணா எடுக்கப் பயமா இருக்கு. முன்ன நோட்டு பூரா கோலம் போட்டுப் பாப்பேன், இப்ப இல்ல." ஐந்தே வரி. கவுன்சிலர் கோலத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டாராம். அங்கிருந்து பேச்சு வீட்டுக்குப் போய், அம்மாவின் போனுக்குப் போய், மற்றதெல்லாம் தானாக வந்திருக்கிறது. வாய் திறக்க வராவிட்டால் தாளை நீட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

செத்துப்போய்விடலாம் என்று எப்போதாவது தோன்றியிருந்தால், அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். அவர்கள் அதிர்ச்சியாக மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். எப்படியும் அவர்களே கேட்கப்போகிற கேள்விதான் அது.

சரி, எங்கே போவது? முதலில் உங்கள் கல்லூரியிலேயே விசாரியுங்கள். நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள கவுன்சிலர் அல்லது உளவியலாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ஆகவே "நம்ம காலேஜில் யார் மேம் கவுன்சிலர்?" என்று கேட்பது உங்கள் உரிமை. ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்வேன்: உங்களுக்கு இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியரே கவுன்சிலராகவும் இருந்தால், வேறு ஒருவரைக் கேளுங்கள். மார்க் போடுகிற கையைப் பார்த்துக்கொண்டு யாராலும் மனம்விட்டுப் பேச முடியாது. என் பிள்ளைகளோடு நான் கவுன்சிலர் அறை வாசல்வரை போவேன், உள்ளே போக மாட்டேன்.

வகுப்பு நேரத்தில் போகவேண்டி வந்தால், "உடம்பு சரியில்லை, டாக்டரைப் பார்க்கணும்" என்று அனுமதி கேட்டாலே போதும். அதற்கு மேல் விளக்கம் தரத் தேவையில்லை. டி.சி.யில் எழுதிவிடுவார்களோ என்று பயந்து கேட்ட பிள்ளைகள் உண்டு. டி.சி.யில் நடத்தை என்று ஒரு வரி வரும், 'நன்று' என்று எழுதுவோம். கவுன்சிலிங் போனதை எழுத அதில் கட்டமே கிடையாது.

கல்லூரிக்குள் போகக் கூச்சமாக இருந்தால் நம் ஊரிலேயே வேறு வழிகள் இருக்கின்றன. பனகல் சாலையில் பெரிய ஆஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு உண்டு, சிகிச்சையும் இலவசம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், கூட்டம் இருக்கும். ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள், காத்திருக்கும் நேரத்தில்தான் 'திரும்பிப் போயிடலாமா' என்று தோன்றும். பெண் பிள்ளைகளுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, கோரிப்பாளையத்தில் இறங்கினால் நடை தூரம்தான். கே.கே.நகரில் 1992 முதல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநல வேலையே செய்துவருகிறது, அங்கும் விசாரிக்கலாம்.

நேரில் போகவே தைரியம் வரவில்லையா? 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண் இது, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். விடுதி அறையில் நாலு பேருக்கு நடுவில் பேச வராது. சாயங்காலம் மைதானத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பேசுங்கள்.

முதல் நாள் அதிகம் கேள்விகள்தான் இருக்கும். வீட்டில் யார் யார், தூக்கம், சாப்பாடு, படிப்பு, இதற்கு முன்பு சிகிச்சை எடுத்ததுண்டா என்றெல்லாம் கேட்பார்கள். அழுகை வந்தால் அழுங்கள், அவர்கள் மேசையில் டிஷ்யூ டப்பா இருப்பது அதற்குத்தான். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் "இது அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிடலாம். கிளம்புமுன் நீங்கள் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: நான் சொன்னதை யாரிடம் சொல்வீர்கள்? அடுத்து எந்தத் தேதியில் வரணும்? நடுவில் ராத்திரி ரொம்ப முடியாமல் போனால் என்ன செய்யணும்? முதல் கேள்விக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு துணை நிற்கிறது. சிகிச்சை விவரங்களை மனநலப் பணியாளர்கள் ரகசியமாக வைத்திருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டும் விலக்கு. பதினெட்டு முடிந்திருந்தால் பெற்றோருக்குச் சொல்லலாமா என்று உங்களைக் கேட்டுத்தான் முடிவு எடுப்பார்கள். முதலாமாண்டில் சிலருக்குப் பதினேழுதான் ஆகியிருக்கும், அப்போது சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டியிருக்கும்.

வீட்டில் சொல்வதென்றால் அந்த அரைத்தாளே இங்கும் உதவும். 'டிப்ரஷன்' என்று ஆரம்பித்தால் அப்பா "போனைத் தூக்கிப் போடு, எல்லாம் சரியாகும்" என்பார். "ஒரு மாசமா தூங்கலப்பா, சாப்பாடு இறங்கல" என்றால் எந்த அப்பாவுக்கும் புரியும். அம்மா பாண்டி கோயிலுக்குக் கூப்பிட்டால் போய்வாருங்கள், அவருக்கும் மனசு ஆறவேண்டும். கோயிலுக்குப் போனதற்காக டாக்டர் சொன்ன தேதியைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

கவுன்சிலர் மாத்திரை எழுத மாட்டார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட சோர்வையும் மந்தத்தையும் கொண்டுவரும் என்பதால் சில சமயம் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை காட்ட வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குமட்டல், தலைவலி போன்ற தொந்தரவுகளோ முதல் வாரமே வந்துவிடும். "இதனால ஒரு பிரயோஜனமும் இல்ல மேம்" என்று பிள்ளைகள் நிறுத்திவிடுவது அந்த இடைவெளியில்தான். நிறுத்தாமல் டாக்டரிடம் பேசுங்கள். உங்கள் வயதில் ஆரம்ப வாரங்களில் படபடப்போ சாகும் எண்ணமோ கூடினால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம், அவர்களே படிப்படியாகக் குறைப்பார்கள்.

கூடப் படிக்கிறவர் "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று பேசினால், "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, யாரோ கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். கூடவே இருந்து 14416-க்குப் பேசவையுங்கள், வார்டனையோ டியூட்டரையோ எழுப்புங்கள். நடு ராத்திரியானாலும் எழுப்புங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆபத்து அந்த நிமிஷமே என்றால் 108. வீடு விவசாய வீடாக இருந்தால் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறு ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கேட்டால் அந்தச் சத்தியம் மட்டும் பண்ணாதீர்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

இரண்டு தடவை போய்விட்டு, மாடல் எக்ஸாம் வந்ததும் விட்டுவிடுகிற பிள்ளைகள் நிறையப் பேர். அப்புறம் திரும்பப் போக வெட்கப்படுகிறார்கள். அந்த அறையில் உங்கள் ஃபைல் அப்படியேதான் இருக்கும். கதவைத் தட்டி, "நடுவில வர முடியல மேம், அடுத்து எப்ப வரலாம்?" என்று கேளுங்கள். தேதி கொடுப்பார்கள்.