ரத்தத்தில் காணோம் என்றால் உடம்பில் இல்லை என்று அர்த்தமா?

கோடையில் கெடிலம் ஆற்றைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் வெறும் மணல்தான். கொஞ்சம் தோண்டினால் ஊற்று வரும். எச்.ஐ.வி.க்கு மருந்து எடுப்பவர்களிடம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற அளவு பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த மணலைத்தான் நினைவுபடுத்துவேன். கடலூர் பக்கம் சில வருஷம் ஆலோசகராக இருந்தபோது அதிகம் பார்த்த தவறு இது: ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது.

துறைமுகத்து அண்ணன் ஒருவர் அப்படித்தான் வந்து நின்றார். "ரத்தத்துலயே இல்லன்னு எழுதியிருக்காங்க, அப்புறம் எதுக்கு தம்பி மாத்திரை?" நியாயமான கேள்விதான்.

எச்.ஐ.வி. குறிவைப்பது சி.டி.4 எனும் வெள்ளணுக்களை. அவை அதிகம் தங்குவது ரத்தத்தில் அல்ல. சி.டி.4 அணுக்கள் சேர்ந்த லிம்ஃபோசைட்டு என்னும் வெள்ளணு வகையில் சுமார் 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவை நெறிக்கட்டும் இடங்களான நிணநீர் முடிச்சுகளிலும், மண்ணீரலிலும், குடல் சுவரிலும் இருக்கின்றன. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே குடலிலுள்ள சி.டி.4 அணுக்கள் பெருமளவு அழிந்துவிடும். வெளியே தெரிவது சாதாரணக் காய்ச்சல் போல இருக்கும், பலருக்கு அதுவும் இருக்காது. மூளைக்குள்ளும் வைரஸ் போகும்.

இதைவிடச் சிக்கலான விஷயம், வைரஸ் தன் மரபணுவை அணுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுவது. அப்படிச் செருகப்பட்ட அணுக்களில் சில வருஷக்கணக்கில் தூங்கும். மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். பெருகாமல் தூங்குவதை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரத்தில் வைரஸ் மறுபடி ரத்தத்துக்கு வந்துவிடும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்த ஒரு குழந்தைக்கு, சிகிச்சை நின்றபின் 27 மாதம் வைரஸ் தென்படவே இல்லை. குணமாகிவிட்டது என்று 2013இல் உலகமே பேசியது. 2014இல் திரும்பி வந்துவிட்டது.

சரி, ஊற்று இருக்கிறது என்றதும் நேர் எதிரான பயத்துக்குப் போகிறவர்களும் உண்டு. உடம்பில் ஒளிந்திருக்கிறதே, மனைவிக்குத் தொற்றிவிடுமோ என்று. இதுவும் தவறுதான். மருந்தை ஒழுங்காக எடுத்து வைரல் லோடு கண்டறிய முடியாத அளவிலேயே நீடித்தால் உடலுறவு மூலம் பரவாது. ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான ஜோடிகளைப் பல வருஷம் கவனித்த பார்ட்னர் ஆய்வுகளில், இப்படி மருந்தெடுத்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஆனால் இது உடலுறவுக்கு மட்டும். ஒரே ஊசியைப் பகிர்வதற்கும் தாய்ப்பாலுக்கும் இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது.

தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்துவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, புதுச்சேரியில் படித்தவர்கள் வீட்டிலும்தான். எச்சில், வியர்வை, கண்ணீர் வழியே எச்.ஐ.வி. தொற்றாது. தொற்றுவது ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் வழியாக.

சந்தேகம் வந்த மறுநாளே டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகிவிடுவது இன்னொன்று. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் பார்ப்பது பெரும்பாலும் ஆன்டிபாடியை, அதாவது வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கும் பொருளை. அது உருவாக வாரங்கள் ஆகும். 3 மாதம் கழித்து ஒருமுறை பார்த்தால்தான் கணக்கு சரி. ஆனால் சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் காத்திருக்கவே கூடாது. தொற்றாமல் தடுக்கும் 28 நாள் மருந்து உண்டா என்று உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த டி.எல்.டி. எனும் எச்.ஐ.வி. மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒன்று. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் அதனோடு சேர்த்துப் போடாதீர்கள், டொலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. டி.எல்.டி.யை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடலாம். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அன்டாசிட்டுக்கும் இதே இடைவெளிதான்.

அந்த அண்ணனிடம் கடைசியில் பேசியது படகைப் பற்றித்தான். மீன்பிடித் தடைக்கால 61 நாளும் வீட்டில் இருப்பதால் மாத்திரை தவறாது, கடலுக்குப் போனதும் தவறிவிடும். செல்போனில் அலாரம் வைத்தோம், கூடுதல் மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு எடுத்துப்போகச் சொன்னோம். ஒருவேளை மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள் என்றேன். "ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். ஈரம் படாமல் இருந்தால் போதும் என்றேன்.