அறுந்த இழையைப் பிணைப்பது எப்படி

நெடுநாள் முயற்சியைக் கைவிடுகிறவர்களில் பலர், ‘இனி வேண்டாம்’ என்று தீர்மானித்துக் கைவிடுவதில்லை. காய்ச்சலாலோ கூடுதல் ஷிஃப்டாலோ இரண்டு மூன்று நாள் விட்டுப்போக, ‘எல்லாம் கெட்டது’ என்ற எண்ணத்தில் மீண்டும் உட்காராமலே போய்விடுகிறார்கள். சென்னிமலைக் கைத்தறியில், நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்தால், நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த முனைகளைத் தேடிப் பிணைத்துவிட்டு நெசவைத் தொடர்கிறார். ஓர் இழைக்காகப் பாவு முழுவதையும் அறுத்தெறிபவர் எவரும் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் முதலில் பழக வேண்டியது இந்தப் பிணைப்பைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இது வெறும் ஆறுதல் அன்று. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பன்னிரண்டு வாரம் நடத்தி, 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாவதற்கு 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டனர். இடைநிலை அளவு 66 நாள். நடுவில் ஒருமுறை தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே, 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்ற பேச்சை நம்பி, இருபத்திரண்டாம் நாளும் கடினமாக இருக்கிறதே என்று தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

இனிச் செய்முறை. ‘தினமும் படிப்பேன்’ என்று சபதம் எடுக்காமல், ‘இது நடந்தவுடன் இதைச் செய்வேன்’ என்று எழுதுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விளக்கிய இம்முறையின் பயனை, 94 சோதனைகளைத் தொகுத்த 2006-ஆம் ஆண்டின் ஆய்வு உறுதிசெய்தது. ‘ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, கைகால் கழுவியதும், சாப்பிடும் முன் ஐந்து கணக்குப் போடுவேன்’ என்பது போதும். அதன் கீழேயே இரண்டாவது வாக்கியம் ஒன்றையும் எழுதுங்கள்: ‘ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் அதே நேரத்தில் ஒரே ஒரு கணக்காவது போடுவேன், விட்டதைச் சேர்த்துப் போட மாட்டேன்.’ பலர் சறுக்குவது இங்கேதான். விட்ட மூன்று நாள் பாடத்தையும் ஒரே இரவில் முடிக்க முயன்று, களைத்து, நான்காம் நாளையும் இழக்கிறார்கள். மாரியம்மன் நோம்பி, உறவில் திருமணம், இரவு வேலை என முன்கூட்டியே தெரிந்த நாள்களுக்கு இந்த ஒற்றைக் கணக்கையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

எதை அளப்பது என்பதும் முக்கியம். பொள்ளாச்சித் தோப்பில் நெட்டைத் தென்னை வைத்தவர் இரண்டாம் ஆண்டே பாளையைத் தேடுவதில்லை. புதுக் குருத்து வருகிறதா என்று பார்க்கிறார். நீங்களும் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, போட்ட கணக்குகளையும் திருத்திய பிழைகளையும் ஒரு குறிப்பேட்டில் நாள்வாரியாகக் குறியுங்கள்.

குறிப்பேடு நிறைந்தும் பிழை குறையவில்லை என்றால், இலக்கை வைத்துக்கொண்டு வழியை மாற்றுங்கள். கோவையில் 1912-இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் சாறு மிகுந்த கரும்பைக் காட்டு நாணலோடு இணைத்த பிறகே, வட இந்திய நிலத்துக்கு ஏற்ற கோ 205 என்ற கரும்பு ரகம் 1918-இல் வெளிவந்தது. இலக்கு நல்ல கரும்புதான்; அதற்கான வழிதான் புதியது.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்து திரும்பும் பெண்ணிடம் ‘உனக்கு மன உறுதி போதாது’ என்று சொல்வது அநீதி. அவளுக்கு முதலில் வேண்டியது தூக்கமும், வீட்டு வேலையில் பங்கெடுக்க இன்னொருவரும். அந்த ஏற்பாட்டைக் குடும்பத்தோடு பேசி முடிப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

விட்டுவிடலாமா என்ற கேள்வி எழுந்தால், அதற்கெனத் தேதி குறித்துவிடுங்கள். தேர்வு முடிவு வந்த இரவில் எதையும் தீர்மானிக்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்து, குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீர்மானியுங்கள்.